பரண் இல்லாத தனிக்குடித்தனம்

பிப்ரவரி 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

"அன்புள்ள" என்பது வழக்கத்துக்காக எழுதியது. அதற்கு மேல் அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

இன்று காலை உன் அண்ணனுக்குக் காபி கொண்டுபோனேன். அச்சகத்தில் முடியாத பக்க அமைப்பு வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தார். என் நிழல் விழுந்ததும் திரையில் இருந்த ஒன்றைச் சட்டென்று மூடினார். கல்யாணமான ஆண் அப்படி மூடினால் எந்தப் பெண்டாட்டிக்கும் ஒரே சந்தேகம்தான் வரும். எனக்கு அதைவிட மோசமான சந்தேகம் வந்தது. திறக்கச் சொன்னேன். ஓரத்தில் நீலப் பட்டை. உன்னுடைய புதுத்தூது.

"எத்தன நாளா இது?"

"கொஞ்ச நாளாத்தான்."

"என்னோடதுல என்ன கொறை?"

"கொறைன்னு இல்லம்மா. இது கொஞ்சம் சீக்கிரமா தொறக்குது."

வேறொருத்தியின் போட்டோவாக இருந்திருந்தால் அழுது ஆர்ப்பாட்டம் செய்து அக்கம்பக்கத்தைக் கூட்டியிருப்பேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? "என் வீட்டுக்காரர் தன் தங்கச்சி எழுதின மின்னஞ்சல் நிரலைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறார்" என்றால் சிரிப்பார்கள். காபியை மேஜையில் வைத்தேன். கொஞ்சம் சிந்தியது. நான் துடைக்கவில்லை.

தூது என்னுடைய நிரல். ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், தன் பேரில் வெளியிடலாம் என்று ஓப்பன் சோர்ஸாகத் திறந்து வைத்தவளும் நான்தான். ஊரில் எவன் எடுத்திருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன். என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் முறுக்கைத் தின்று, அப்புறம் எடுத்துக்கொண்டு போகிறவளை நான் எதிர்பார்க்கவில்லை. உங்கள் ஆட்கள் இதை ஃபோர்க் என்கிறார்கள். நம் வீட்டில் இதற்குத் தனிக்குடித்தனம் என்று பேர். தனிக்குடித்தனம் போகிறவள் நாலு பாத்திரம் எடுத்துக்கொண்டு போவாள். நீ வீட்டையே அப்படியே நகல் எடுத்துக்கொண்டு போனாய். பேர் வைக்கக்கூட மெனக்கெடவில்லை. உன்னுடையது புதுத்தூது என்றால் என்னுடையது என்ன, பழந்தூதா?

அந்தத் தொகுப்புக்காரர்களின் அறிவிப்பை நீயும் பார்த்திருப்பாய். பள்ளிக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் இலவச மென்பொருளை மூட்டை கட்டிக் கொடுக்கிறவர்கள், நம் மொழி மின்னஞ்சலுக்கு இனி ஒரே நிரலைத்தான் மூட்டையில் வைப்பார்களாம். உன்னுடையது அல்லது என்னுடையது. மார்ச் தொடக்கத்தில் முடிவு. மூட்டைக்கு வெளியே நிற்கும் நிரலை யாரும் தேடி வர மாட்டார்கள். தூது போய்விட்டால் நான் இத்தனை வருடம் உட்கார்ந்து என்ன செய்தேன் என்று கேட்பவர்களுக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இருக்காது.

இதைத் தாளில் எழுதுவதற்குக் காரணம் உனக்கே தெரியும். உன் நிரலிலிருந்து வருவதைத் திறக்க மாட்டேன் என்று நான் சொன்னேன். என் நிரலிலிருந்து வருவதைப் படிக்க மாட்டேன் என்று நீ சொன்னாய். போனில் என்றால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். மின்னஞ்சல் நிரல் எழுதும் இரண்டு பேர் அஞ்சல்தலை ஒட்டிச் சண்டை போடுவது உன் அண்ணனுக்குச் சிரிப்பாக இருக்கிறது. சிரிக்கட்டும். மத்தியானம் அவருக்கு ரசம் கிடையாது.

அண்ணி


பிப்ரவரி 13

அண்ணி,

நான் "அன்புள்ள" எழுதவில்லை. வழக்கத்துக்காகக்கூட.

அண்ணனை நான் இழுக்கவில்லை. அவனாகக் கேட்டான். "வாலு, உன்னோடத போட்டுக் குடு, பாக்கலாம்" என்றான். போட்டுக் கொடுத்தேன். உங்களுக்குத் தெரியாமல் செய்தான் என்றால் அதை அவனிடம் கேளுங்கள். பயந்தவனைக் கட்டிக்கொண்டு என்னிடம் எதற்குப் பாய்கிறீர்கள்?

நான் ஏன் தனியாகப் போனேன் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? நான் அனுப்பிய திருத்தங்கள் உங்கள் வாசலில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. தேடும் பகுதியை முழுவதும் மாற்றி எழுதி அனுப்பினேன். நீங்கள் போட்ட பதில், "வரிகளில் இடைவெளி ஒழுங்காக இல்லை." அவ்வளவுதான். நானும் மனுஷிதானே. வீட்டில் மூத்த மருமகள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவதாகச் சொல்வார்கள். நீங்கள் நிரலைச் செருகிக்கொண்டு திரிந்தீர்கள்.

அப்புறம் உங்கள் பரண். வருகிற ஒவ்வொரு மின்னஞ்சலின் அசலையும் வந்தபடியே ஒரு தனி இடத்தில் போட்டு அடுக்கி, அதற்குப் பரண் என்று பேரும் வைத்தீர்கள். படிக்கிற நகல் கீழே, படிக்க முடியாத அசல் மேலே. எல்லாம் இரண்டிரண்டு. கணினி மூச்சு வாங்கியது. எடுத்துவிடலாமா என்று கெஞ்சினேன். "வந்தத வந்தபடியே வெக்கணும், அதுதான் இந்த வீட்டு வழக்கம்" என்றீர்கள். காலி பிஸ்கட் டப்பாவைக்கூடத் தூக்கிப்போடாதவர் நீங்கள், வேறென்ன சொல்வீர்கள். நான் பரணை எடுத்தேன். நிரல் ஓடுகிறது. பார்க்கிறவர்கள் பாராட்டுகிறார்கள். போன வாரம் மாநாட்டில் பேசக் கூப்பிட்டார்கள், போய்ப் பேசினேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? நீங்கள் வருவதற்கு முன்னால் அண்ணன் வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என் அறைக்குத்தான் வருவான். என் படுக்கையில் உட்கார்ந்து அன்றைக்கு அச்சகத்தில் நடந்ததையெல்லாம் சொல்வான். நீங்கள் வந்த பிறகு கதவோரம் நின்று "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான். அதனால் அவன் உங்கள் நிரலை மூடிவிட்டு என் நிரலைத் திறக்கிறான் என்று படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? குதித்தேன். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரி என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தாள்.

27-ம் தேதி புதிய பதிப்பு வருகிறது. தூதில் இருப்பவர்கள் தங்கள் பழைய அஞ்சல் அத்தனையோடும் ஒரே பொத்தானில் என் பக்கம் குடிமாறலாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் தொகுப்புக்காரர்கள் முடிவு எடுப்பார்கள்.

இன்னொன்று. என் நிரல் முழுவதையும் தாளில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களாம். அண்ணன் சொன்னான். என்ன அண்ணி, பொறாமையா?

வாலு


பிப்ரவரி 21

வாலுக்கு,

ஆமாம், பொறாமைதான். வேறு பேர் வைத்து மூட மாட்டேன்.

மாநாட்டுப் படத்தைப் பார்த்தேன். கழுத்தில் அட்டை, கையில் மைக், பின்னால் சுவர் அளவுக்குத் திரை. திரையில் இருந்தது என் அஞ்சல்பெட்டி அமைப்பு, உன் நீல நிறத்தில். கீழே ஒருவர், "எவ்வளவு தெளிவான கட்டமைப்பு!" என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் உன்னை முன்னோடி என்கிறார். முன்னோடியாம்! உனக்கு முன்னால் ஓடியவள் இங்கே குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு அதைப் படித்தாள். நான் தனியாக எழுதிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு வந்த ஒரே நீண்ட மடல், தன் பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டது என்று யாரோ இடம் தெரியாமல் எனக்கு அனுப்பிய புகார். அவருக்கும் மரியாதையாகப் பதில் போட்டேன்.

அச்செடுத்ததும் உண்மை. சாப்பாட்டு மேஜை முழுக்க உன் நிரல்தான். உன் அண்ணன் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறார். கல்யாணமான புதிதில் அவர் முகத்தைக்கூட நான் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. தப்பு அகப்பட்ட நாளில் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. தேடும் பகுதியைப் படித்த நாளில் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாய். அதைத்தான் நான் இடைவெளி சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன், நினைவிருக்கிறது. இடைவெளி இப்போதும் சரியில்லை.

"சீக்கிரமா தொறக்குது" என்றார் அல்லவா, அதற்கப்புறம் அவர் எதைத் திறந்தாலும் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கிறது. அலமாரியைத் திறந்தால்கூட.

அண்ணி

பின்குறிப்பு: அவசரம். 27-ம் தேதிக்கு முன் இதைப் பார். உன்னோடு இருப்பவர்களுக்கும் வாசித்துக் காட்டு, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைக்குத்தான் என்கோடிங் என்று பேர். கல்யாணத்துக்கு முன் உன் அண்ணன் எனக்கென்று சொன்ன உதாரணம் ஒன்று உண்டு. நூலகத்து வாசலில் பையை வைத்தால் டோக்கன் தருவார்கள். அதே எண்ணை வேறொரு நூலகத்தில் நீட்டினால் வேறு யாருடைய பையோ வரும்.

நம் பழைய மின்னஞ்சல்கள் நம் எழுத்தில் எழுதப்பட்டு, மேலே "மேற்கத்திய எழுத்து" என்று தப்பான சீட்டு ஒட்டப்பட்டு வந்தவை. தூது அந்தச் சீட்டை நம்பாது. உள்ளே பார்த்து, இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு அட்டவணைக்கு மாற்றி, படிக்கிற நகலை வைக்கும். ஆனால் சீட்டைக் கிழிக்காது. வந்த உறையில் கைவைப்பதில்லை என்பது என் பிடிவாதம். "இதை மாற்றியாகிவிட்டது" என்ற குறிப்பு பரணில் மட்டும்தான் இருக்கும். நீயோ பரணைப் பார்ப்பதில்லை, சீட்டை நம்புகிறாய். குடிமாறும் பொத்தானை ஒருவர் அழுத்தினால், ஏற்கெனவே மாற்றியதை உன் நிரல் மறுபடியும் மாற்றி, அதன் மேலேயே எழுதிவிடும். எழுத்துக்கு எழுத்து à®, à® என்றுதான் வரும். அந்த மேற்கத்திய அட்டவணையில் சில எண்களுக்கு இடமே இல்லை, அவை உதிர்ந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளியும் உகரத்தின் சுழியும் அப்படி உதிர்கிறவை. உதிர்ந்த பிறகு எங்கே புள்ளி இருந்தது, எங்கே சுழி இருந்தது என்று நீயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

திருத்தத்தைப் பின்பக்கம் கையால் எழுதியிருக்கிறேன். சிவப்பில்தான். வேறு பேனா கைக்கு அகப்படவில்லை.


மார்ச் 6

அண்ணி,

உங்கள் கடிதம் 1-ம் தேதி வந்தது. பதிப்பு 27-ம் தேதி போய்விட்டது.

கையில் போன். மேஜையில் கணினி. பக்கத்து அறையில் என் அண்ணன். இந்த மூன்றையும் விட்டுவிட்டு, "அவசரம்" என்று எழுதி, எச்சில் தொட்டு அஞ்சல்தலை ஒட்டியவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். அதையும் பின்குறிப்பில்! முதலில் மாநாடு, அப்புறம் முன்னோடி, அப்புறம் அலமாரி, கடைசியில்தான் வீடு பற்றி எரியும் செய்தி. கடிதம் இங்கே வர ஒரு வாரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்தீர்கள்.

என் பெட்டி நிரம்பி வழிகிறது. ஒரு நூலகர் அம்மா, வாசகர்களோடு நடத்திய கடிதப் போக்குவரத்து அத்தனையும் கிறுக்கலாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார். திட்டவில்லை. "நான் ஏதாவது தப்பான பொத்தானை அழுத்திவிட்டேனா?" என்று கேட்கிறார். திட்டியிருந்தால் தேவலை. மாநாட்டில் கை தட்டியவர்கள் இப்போது, "அனுபவம் இல்லாதவர்கள் கையில் கொடுத்தால் இப்படித்தான்" என்கிறார்கள். தெளிவான கட்டமைப்பு என்று எழுதினாரே, அவரும்தான்.

என் தப்பு இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தப்பான சீட்டு என்று தெரிந்தும் கிழிக்காமல் விட்டவர் யார்? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நம் வீட்டில் அண்ணி உடைத்தால் அது குடமே இல்லை.

தொகுப்புக்காரர்கள் முடிவைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். தூதையே வைத்துக்கொள்ளலாமா என்று உங்களிடம் கேட்கப் போகிறார்களாம். ஒரு வரி சம்மதம் போட்டால் போதும். ஜெயித்துவிட்டீர்கள். வாழ்த்துகள்.

பொத்தானை அழுத்தியவர்களில் உங்கள் வீட்டுக்காரரும் ஒருவர். 27-ம் தேதி, முதல் ஆளாக. தங்கச்சிக்கு உதவுகிறானாம். என்ன போயிற்று என்று அவனிடமே கேளுங்கள். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். என்னிடம் போனில் சொன்னபோது பாதியில் நிறுத்திவிட்டான், அப்புறம் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

வாலு


மார்ச் 14

வாலுக்கு,

கேட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தார். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"என்ன போச்சு?"

"பழசுதான். விடு."

"எந்தப் பழசு?"

ஒரே சட்டையை மூன்றாவது தடவை மடித்தார். "நம்மளோடதா?" என்றேன். தலையை ஆட்டினார். "பரண ஒழிக்கட்டுமான்னு வாலோட நிரல் கேட்டுச்சு. நீ ஊருக்குப் போனா வீட்டுப் பரண ஒழிச்சு அடுக்கத்தான எப்பவும் சொல்லுவ. ஆமான்னு அழுத்திட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

தூது எப்படிப் பிறந்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை. வேலைக்காக எழுதியதாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நிச்சயமான பிறகு உன் அண்ணன் அச்சகத்திலிருந்து எனக்கு முதல் மின்னஞ்சல் அனுப்பினார். அச்சகத்துப் பழைய எழுத்துருவில் அடித்தது. என் திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. எல்லாம் கிறுக்கல். "ஒண்ணும் புரியல" என்று பதில் போட வெட்கமாக இருந்தது. ராத்திரி பகலாக உட்கார்ந்து, எந்த எண் எந்த எழுத்து என்று கண்டுபிடித்து, ஒரு குட்டி நிரல் எழுதிப் படித்தேன். மழையில் பேருந்து கிடைக்காமல் நடந்து வந்த கதையை எழுதியிருந்தார், வேறொன்றும் இல்லை. ஆனாலும் அடுத்ததைச் சீக்கிரம் படிக்க வேண்டும் என்று அந்த நிரலைத் திருத்தினேன். அதற்கடுத்ததற்கு இன்னும் கொஞ்சம். அதுதான் தூது. என் பக்கத்துப் பிரதிகள் பழைய கணினியோடு செத்துப்போயின. அவர் பெட்டியில் இருந்ததுதான் மிச்சம். நான் பரண் கட்டியதே அதற்காகத்தான்.

அஞ்சல்தலை விஷயத்துக்கு வருகிறேன். போன் பக்கத்தில்தான் இருந்தது. கை போகவில்லை. சொல்லாமல் விட்டால் என் மனசு சும்மா இருக்காது, உடனே சொன்னால் நீ ஜெயிப்பாய். நடுவில் தெருமுனையில் தபால்பெட்டி இருந்தது. உறை உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் நிம்மதியாகக்கூட இருந்தது. உனக்கு வெட்டிய குழி என் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தது என்று அப்போது தெரியவில்லை. வயிற்றெரிச்சல் என்று சும்மா சொல்கிறோம். உண்மையிலேயே எரிகிறது, மோர் குடித்தாலும் அடங்கவில்லை.

சீட்டைக் கிழிக்காதது என் பிடிவாதம். பரணைப் பார்க்காதது உன் அவசரம். இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இப்படி ஒரு தப்பைச் செய்ய நாம் இரண்டு பேர் சேர்ந்தால்தான் முடியும்.

தொகுப்புக்காரர்களின் கடிதம் வந்தது. பதில் போடவில்லை. நீ எதையும் மூடிவிட்டு ஓடாதே. அந்த நூலகர் அம்மாவுக்குப் பதில் எழுது, அவர் தப்பான பொத்தான் எதையும் அழுத்தவில்லை என்று.

அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

இந்த உறைக்குள் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. முதலில் அதை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் படியுங்கள், படித்துவிட்டுத் திட்டுங்கள்.

புதுத்தூது தொடங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு பழைய பெட்டி தேவைப்பட்டது. உங்களைக் கேட்டால் தர மாட்டீர்கள். அண்ணனைக் கேட்டேன். அவன் என்ன இருக்கிறது என்று யோசிக்காமல் முழுப் பெட்டியையும் கொடுத்துவிட்டான், பரணோடு சேர்த்து. பரணை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேனே தவிர, அந்தப் பெட்டியை நான் அழிக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று போய்த் திறந்தேன். அசல் அத்தனையும் அப்படியே இருக்கின்றன. உங்கள் சிவப்புத் திருத்தத்தைப் போட்டு ஓட்டினேன். முழுசாக வந்துவிட்டன.

நான் படிக்கவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். எழுத்து சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கும்போது கண் போகத்தான் செய்கிறது. கொஞ்சம் படித்தேன். மழையில் நடந்த கதையைப் படித்தேன். அதற்கு அடுத்ததில் அந்த நூலக டோக்கன் வருகிறது. உங்களுக்கென்று சொன்ன உதாரணமா அது? எனக்குச் சொன்னது அண்ணி! பள்ளிக்கூடப் பாடம் புரியவில்லை என்று நான் அழுதபோது என் படுக்கையில் உட்கார்ந்து சொன்னது. அதை அப்படியே எடுத்து உங்களுக்கு எழுதியிருக்கிறான், ஒரு வார்த்தை மாற்றவில்லை. அதைச் சோதனைப் பெட்டியில் முதல் தடவை பார்த்த அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனியாகப் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அன்று சாயங்காலமே போய்விட்டேன். திருத்தம் தேங்கியது, இடைவெளி, பரண் எல்லாம் நிஜமான காரணங்கள்தான். ஆனால் கிளம்ப வைத்தது அந்த டோக்கன்.

நம்மை இரண்டு பேரையும் இப்படி அடித்துக்கொள்ள விட்டுவிட்டு அவன் துணி மடிக்கிறான், பாருங்கள்.

மற்றவர்களுக்கும் சரியாகிவிட்டது. புதுத்தூது பரணைப் பார்ப்பதில்லையே தவிர, தானாக அழிப்பதில்லை. "ஒழிக்கட்டுமா?" என்று கேட்கும். ஆம் என்று அழுத்தியவர் அநேகமாக உங்கள் வீட்டுக்காரர் ஒருவர்தான். மற்ற எல்லோர் பரணும் அப்படியே இருந்தது. அதிலிருந்து மீட்டெடுக்க ஒரு கருவி எழுதி வெளியிட்டேன். நூலகர் அம்மா எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று எழுதினார். அவர் அஞ்சலைக் காப்பாற்றியது நான் இல்லை, உங்கள் பிஸ்கட் டப்பா புத்திதான் என்று அவருக்குப் பதில் போட்டேன்.

பரணைத் திரும்பக் கட்டிவிட்டேன். ஒழிக்கிற பொத்தானை எடுத்துவிட்டேன். தொகுப்புக்காரர்களிடம் தூதை எடுத்துக்கொள்ளும்படி நானே சொல்லிவிடட்டுமா? இல்லையென்றால் என் பேரில் இருக்கும் "புது"வையாவது எடுத்துவிடுகிறேன். கூசுகிறது.

வாலு


ஏப்ரல் 2

வாலு,

இது தபால் இல்லை என்று பார்த்ததும் தெரிந்திருக்கும். ஓரத்தில் நீலப் பட்டை இருக்கிறது. காலையில் நானே போட்டுக்கொண்டேன். உன் அண்ணன் பின்னால் நின்று பார்த்தார். இந்தத் தடவை மூடியது நான்.

தொகுப்புக்காரர்களுக்கு எழுதிவிட்டேன். புதுத்தூதை எடுத்துக்கொள்ளுங்கள், தூதை இனி நான் வெளியிடப் போவதில்லை என்று. நல்ல மனசு என்று நினைத்துவிடாதே. அஞ்சல்தலையால் ஜெயித்தவள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிச்ச நாளை ஓட்ட முடியாது. அந்த மீட்புக் கருவியையும் அச்செடுத்துப் படித்தேன். நான் எழுதியிருந்தால் மழைக்காலம் வந்திருக்கும். சிவப்புப் பேனா எடுத்து உட்கார்ந்தேன், மூடி கழற்ற வேலை வரவில்லை. இடைவெளிகூடச் சரியாக இருந்தது.

அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களையில் போய்ச் சும்மா நின்றேன். ஏழு வருடம். நீ ஆறுதல் சொல்ல வேண்டாம், இப்போது சொன்னால் கோபம்தான் வரும்.

"புது"வை எடுக்காதே. இருக்கட்டும். எத்தனை நாளைக்குப் புதிதாக இருக்கிறது, பார்க்கிறேன். நாளைக்கு நீ எழுதும் வரியையும் படிப்பேன், நாளை மறுநாள் எழுதுவதையும். சீட்டைக் கிழிப்பதற்கான திருத்தம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். மாதக்கணக்கில் வாசலில் நிறுத்திவைக்காதே.

டோக்கன் விஷயத்தை அவரிடம் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் புரிஞ்சுதுல்ல, அப்பறம் என்ன?" என்றார். இன்றைக்கும் ரசம் கிடையாது.

பென் டிரைவில் இருந்ததை உன் நிரலில்தான் திறந்தேன். சீக்கிரமாகத்தான் திறக்கிறது. முதல் மடலிலிருந்து கடைசி மடல்வரை, எங்காவது ஒரு புள்ளியாவது உதிர்ந்திருக்கும், உன்னைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று தேடினேன். மழையில் நடந்து வந்தது, டோக்கன், அவர் கோபித்துக்கொண்டு எழுதிய இரண்டு வரி, எல்லாம் அன்றைக்கு வந்தபடியே இருக்கின்றன. ஒரு எழுத்துகூட உடையவில்லை.

பொறாமையாக இருக்கிறது, வாலு.

உன் அண்ணி